வெயிலிலும் மழையிலும் கிடந்த மான் கொம்பு: எந்தக் குறைக்கு என்ன செய்வது

மட்டக்களப்பில் பழைய வீடு ஒன்றை இடித்தால் மூன்று சாமான்கள் எப்படியும் என் பட்டறைக்கு வந்து சேரும்: கால் உடைந்த சாய்மனைக் கதிரை, ரசம் போன நிலைக்கண்ணாடி, மரத்தட்டில் பூட்டிய மான் கொம்பு. கதிரையும் கண்ணாடியும் வீட்டுக்குள்ளிருந்து வரும். கொம்பு அப்படி வருவது குறைவு. 1978 சூறாவளியில் கூரை போன வீடு, 2004 இல் கடல் புகுந்த வீடு, சண்டைக் காலத்தில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். சுவர் விழுந்தபோது கொம்பும் விழுந்து, கிணற்றடியிலோ மாட்டுப் பட்டியிலோ வயல் வாடியின் ஓரத்திலோ வருடக்கணக்காகக் கிடந்திருக்கும்.

கொண்டுவருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான். “தம்பி, இதப் பழைய மாதிரி ஆக்கித் தர ஏலுமா?”

பெரும்பாலும் ஏலும். ஏலாமல் போன கொம்புகளை எண்ணிப் பார்த்தால், வெயிலும் மழையும் கெடுத்ததைவிட, யாரோ நல்ல எண்ணத்தில் கழுவிக் கெடுத்ததே கூட. என் கையாலும் ஒன்று கெட்டது. தொடங்கிய காலத்தில் ஒரு மரைக் கொம்பைக் குளோரின் கலந்த நீரில் ஊற வைத்தேன். அன்றைக்குப் பளிச்சென்று இருந்தது. ஆறு மாதம் கழித்து உரிமையாளர் திரும்பக் கொண்டுவந்தபோது, தொட்ட இடமெல்லாம் மாவாக உதிர்ந்தது. அதற்குப் பிறகு எழுதி வைத்த குறிப்புகளைத்தான் இங்கே தருகிறேன்.

## கையில் எடுக்க முன்

காட்டோரத்தில் கண்டெடுத்த கொம்பை நான் தொடுவதில்லை. புள்ளிமானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. கல்லோயா, மாதுறு ஓயா, குமண போன்ற தேசிய பூங்காக்களுக்குள் தானாக உதிர்ந்து கிடப்பதைக்கூட எடுத்து வர அனுமதியில்லை. கண்டால் கிடக்கிற இடத்திலேயே விட்டுவிடுங்கள். முள்ளம்பன்றியும் எலியும் அதைக் கொறித்துத்தான் உடம்புக்குச் சுண்ணாம்புச் சத்து சேர்க்கின்றன, அது அவற்றின் பங்கு. பாட்டன் காலத்திலிருந்து வீட்டில் இருப்பது என்றாலும், அதை வைத்திருப்பது பற்றி வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். விற்பதோ, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்புவதோ கேட்காமல் செய்யக் கூடாத காரியங்கள்.

அடுத்து, அது மான் கொம்புதானா என்று அடிப்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே குழாய் போல வெறுமையாக இருந்தால் எருமை அல்லது மாட்டுக் கொம்பு. அது நகம் மாதிரியான பொருள். நீரில் ஊறினால் ஏடு ஏடாகக் கிளம்பும். இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது. மான் கொம்பு முழு எலும்பு. அடியில் கரடுமுரடான வளையம் ஒன்று இருக்கும். நீளவாக்கில் ஒரே நேர்கோடு ஓடினால், அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பொம்மையாக இருக்கலாம். அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி மாட்டுங்கள், வேறு வேலை இல்லை.

எந்தக் குறை என்றாலும் செய்யக் கூடாதவை மூன்று. அவிக்கக் கூடாது: எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் பசை கரைந்து வெளியேறிவிடும். குளோரின் போடக் கூடாது. குத்துவிளக்குத் துலக்குவதுபோல் தேசிக்காயோ புளியோ வினாகிரியோ தேய்க்கக் கூடாது: புளிப்பு எதுவானாலும் சுண்ணாம்பைத் தின்னும். வேறு எதைப் பூசுவதானாலும் முதலில் பின்பக்கம், அடிக்குப் பக்கத்தில், பெருவிரல் நகமளவு இடத்தில் பூசி ஒரு நாள் பொறுங்கள்.

## பச்சையோ கறுப்போ படிந்திருக்கிறது

பெரும்பாலும் பாசி, புழுதி, கோழி எச்சம். காய்ந்த நிலையில் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். பாதி அழுக்கு இதிலேயே போகும்.

போகாவிட்டால், ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. பிரஷை நனைத்து உதறிவிட்டு, வரிகள் ஓடும் திசையில் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு கிளை முடித்த பிறகு அடுத்த கிளை. குழாய்க்குக் கீழே பிடிக்க வேண்டாம்.

துடைத்த பிறகும் கறுப்புப் புள்ளிகள் நின்று, ஈர வாடையும் அடித்தால் பூஞ்சணம். ஃபார்மசியில் வாங்கும் 3% ஐதரசன் பெரொக்சைட்டைப் பஞ்சில் தொட்டு அந்தப் புள்ளியில் மட்டும் வைத்து, ஐந்து நிமிடத்தில் நீரால் துடைத்துவிடுங்கள். கையுறை போடுங்கள். கொம்பு முழுக்கப் பூசினால் நிறமும் சேர்ந்து போகும்.

இங்கே பலர் ஒரு பிழை விடுகிறார்கள். வரிகளின் பள்ளத்தில் இருக்கும் கறுத்த பழுப்பையும் அழுக்கு என்று நினைத்துக் கம்பிப் பிரஷ் போடுகிறார்கள். மான் தன் கொம்பை மரத்தில் உரசும்போது பட்டையின் சாறு ஏறி வந்த நிறம் அது. மேடு வெளுத்தும் பள்ளம் கறுத்தும் இருப்பதுதான் கொம்பின் முகம். அதைச் சுரண்டினால் திரும்பி வராது.

## வெள்ளையாகப் பூத்திருக்கிறது

கரையோரத்து வீடுகளில் இருந்து வருபவற்றில் அதிகம் காண்பது இதுதான். ஆளைக் குழப்புவதும் இதுதான், ஏனென்றால் வெள்ளை மூன்று வகை.

முதலில் எந்த மாதத்தில் பூக்கிறது என்று யோசியுங்கள். மார்கழி, தை மழையில் வீட்டுச் சுவரே நனைந்து நிற்கும்போது பூத்தால் பூஞ்சணம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசி எல்லாம் வறண்டு கிடக்கும்போது பூத்தால் உப்பு. வருடம் முழுக்க ஒரே மாதிரி வெள்ளையாக இருந்தால் கொம்பின் மேற்பரப்பே சுண்ணாம்பாகிவிட்டது.

பிறகு ஒரு சொட்டுச் சுத்தமான நீரை விரல் நுனியால் வையுங்கள். பஞ்சுபோல் நனைந்து ஒட்டிக்கொண்டால் பூஞ்சணம். வெள்ளை கண்முன்னே கரைந்து மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் உப்பு. வைத்த கணமே சொட்டை உறிஞ்சிக் குடித்துவிட்டால் சுண்ணாம்பு. பூஞ்சணத்துக்கு மேலே சொன்னதைச் செய்து, கொம்பைச் சுவரோடு ஒட்டாமல் காற்றுப் படும் இடத்துக்கு மாற்றுங்கள். சுண்ணாம்பாகியிருந்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

உப்பைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். கடலோ வாவி நீரோ ஒருமுறை கொம்புக்குள் இறங்கினால், உப்பு உள்ளே தங்கிவிடும். வறட்சியில் மேலே வந்து மணியாகும், மழையில் ஈரத்தை இழுத்துக் கரையும், திரும்ப மணியாகும். ஒவ்வொரு தடவையும் மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்கும். கடலுக்குக் கிட்ட இருந்த ஒரு வீட்டுக் கொம்புக்கு உரிமையாளர் மூன்று வருடம் மூன்று தடவை வார்னிஷ் அடித்திருந்தார். அடித்த வார்னிஷ் எல்லாம் கருவாட்டுச் செதில் மாதிரி கிளம்பி நின்றது. மேலே மூடினால் உப்பு உள்ளேயிருந்து தள்ளும். அதை வெளியே எடுத்தால்தான் தீரும்.

பெருவிரல் நகத்தால் அழுத்தும்போது கொம்பு உறுதியாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். பெரிய பேசினில் மழைநீரையோ போத்தல் நீரையோ நிரப்பிக் கொம்பை அமிழ்த்தி வையுங்கள். கரைப்பக்கத்துக் கிணறுகளில் பல உவர், அந்த நீர் உதவாது. நாளுக்கு ஒரு தடவை நீரை மாற்றுங்கள். மாற்ற முன், அந்த நீரில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் விட்டுக் காய வையுங்கள். பக்கத்தில் புது நீர் ஒரு சொட்டு. ஊறிய நீரின் சொட்டு தடித்த வெள்ளை வளையம் விட்டால் உப்பு இன்னும் வருகிறது. இரண்டு வளையமும் ஒன்றுபோலத் தெரிகிற நாளில் நிறுத்தலாம். நான் சொன்ன அந்தக் கொம்புக்குப் பதினொரு நாள் எடுத்தது. மரத்தட்டில் பூட்டியிருந்தால் கழற்றித்தான் ஊற வைக்க வேண்டும்.

எடுத்த பிறகு வெயிலில் வைக்காதீர்கள். பழைய துவாயால் சுற்றி, நிழலில், காற்றாடிக்கு நேரே இல்லாமல் ஒரு கிழமை. பிறகு துவாயைக் கழற்றி இன்னும் ஒரு கிழமை. ஊறும்போது செதில் கிளம்பி நீரில் மிதந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள், அது இனி அனுபவமுள்ளவர் வேலை.

## கையில் சுண்ணாம்பு ஒட்டுகிறது

வெயிலில் நெடுநாள் கிடந்திருக்கும், அல்லது முன்பு யாரோ அவித்திருப்பார்கள், இல்லையென்றால் குளோரின். காரணம் எதுவென்றாலும் சோதனை ஒன்றே. மறைவான இடத்தில் பெருவிரல் நகத்தை வைத்து அழுத்துங்கள்.

மா மட்டும் ஒட்டி, கீழே கொம்பு கடினமாக இருந்தால் நீங்களே செய்யலாம். மென்மையான பெயின்ற் பிரஷால் மாவைத் தட்டி எடுங்கள். சாண்ட்பேப்பர் வேண்டாம். முகக்கவசம் போடுங்கள், எலும்புத் தூள் நெஞ்சுக்கு நல்லதல்ல. பிறகு மரவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசை ஒரு கரண்டி, நீர் பத்துக் கரண்டி, பால் மாதிரி கலக்கி, சிறிய பிரஷால் ஒரு தடவை பூசுங்கள். கொம்பு குடிக்கும். குடித்த பிறகு மேலே மினுங்கி நிற்பதை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். இரண்டு நாள் காய்ந்ததும் பெருவிரலால் தேய்த்துப் பாருங்கள். இன்னும் ஒட்டினால் இன்னொரு தடவை. மூன்றுக்கு மேல் போக வேண்டாம், பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். ஒன்றை நினைவில் வையுங்கள்: உள்ளே போன பசையைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு. உப்பு உள்ள கொம்புக்கு முதலில் உப்பை எடுக்க வேண்டும்.

நகம் உள்ளே இறங்கினால் பசை போட வேண்டாம். அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட எலும்புக்குப் பேராலாய்டு பி-72 என்ற பிசினை அசிற்றோனில் கரைத்துப் பாவிப்பார்கள். அதை வேண்டும்போது திரும்பக் கரைத்து எடுக்கலாம். குடும்பத்துக்குப் பெறுமதியான கொம்பு என்றால் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் படத்தைக் காட்டி ஆலோசனை கேளுங்கள். அதுவரை மெல்லிய துணியில் சுற்றி, பெட்டியில் படுக்க வைத்து விடுங்கள். பொலித்தீனில் கட்டக் கூடாது, வேர்க்கும்.

## நீளமாக வெடித்திருக்கிறது

முடிமாதிரி மெல்லிய வெடிப்பு குறையே அல்ல. நனைந்து காய்ந்து வந்ததன் வரி அது. விட்டுவிடுங்கள்.

கொஞ்சம் அகன்றிருந்தால், வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் சிறு கோடு போட்டுத் திகதி எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் வெடிப்பு கோட்டைத் தாண்டினால், இருக்கிற இடம் பிழை. பெரும்பாலும் மேற்கு ஜன்னலுக்கு எதிரே, கச்சான் காற்று நேரே அடிக்கிற சுவரில் மாட்டியிருப்பார்கள். இடத்தை மாற்றுவதற்குச் செலவில்லை.

ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழைகிற அளவு, ஓடாமல் நிற்கிற வெடிப்பு என்றால் ஹாட்வெயார் கடையில் விற்கும் இரண்டு பகுதி எப்பொக்சி மெழுகைப் பிசைந்து அடைக்கலாம். மேற்பரப்புக்கு ஒரு நூல் கீழே நிறுத்துங்கள். கவ்வியால் இறுக்கி மூடப் பார்க்காதீர்கள், அந்தப் பக்கம் மூடினால் இந்தப் பக்கம் திறக்கும்.

## வாடை வருகிறது, கீழே தூள் கொட்டுகிறது

கொம்பு தானாக மணக்காது. அடியில் மண்டையோட்டுத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்த கொம்பானால் அடி குவிந்து சொரசொரப்பாக இருக்கும். இறந்த மானின் கொம்பானால் எலும்புத் துண்டும், சில வேளை காய்ந்த தசைநாரும் இருக்கும். தூளில் மயிர் நிறைந்த புழுத்தோல்கள் கிடந்தால் அதில் பூச்சி இருக்கிறது. பலகைப் பக்கம் மண்வரி இருந்தால் கறையான்: தின்பது பலகையை, கொம்பை அல்ல. பலகையை மாற்றினால் போதும்.

பூச்சிக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவது வழக்கம். ஊற்றிய கொம்பு மஞ்சளாகி வருடக்கணக்காக மணக்கும். அதற்குப் பதிலாகக் காய்ந்த தசையை மரக் குச்சியால் நோண்டி எடுத்து, கொம்பைத் தடித்த பொலித்தீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி இறுகக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு கிழமை வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள். உடனே திறந்தால் கொம்பின் மேல் நீர் கட்டும். ஃப்ரீசரில் அடங்காத பெரிய மரைக் கொம்பு என்றால் பூச்சி மருந்தடிக்கும் ஆட்களிடம் கேளுங்கள், மருந்தை நீங்களாக வாங்கித் தெளிக்க வேண்டாம்.

## நிறம் போய் வெளுத்திருக்கிறது

இதைக் கடைசி வேலையாக வையுங்கள். சுத்தம் செய்து காய்ந்த கொம்பு, மெழுகு பிடித்த பிறகே பாதி நிறம் திரும்பிவிடும். ஈரத்துணியால் ஒரு கிளையைத் துடைத்துப் பாருங்கள்: நனைந்தபோது தெரிகிற நிறம்தான் மெழுகிட்ட பிறகு வரப்போகும் நிறம். அது போதும் என்றால் தேன்மெழுகை மெல்லியதாகத் தேய்த்து, பனியன் துணியால் மினுக்கி விடுங்கள்.

போதாதென்றால் சீனி போடாத கடுந்தேநீர். ஆறிய சாயத்தைப் பிரஷால் பூசி, காய விட்டு, திரும்பப் பூசுங்கள். ஐந்தாறு தடவையில் பழுப்பு ஏறும். இன்னும் கறுப்பு வேண்டுமென்றால் ஃபார்மசியில் கொண்டீஸ் (பொட்டாசியம் பெர்மாங்கனேற்று) கிடைக்கும். ஒரு கோப்பை நீரில் அதன் பளிங்குத் துணிக்கை நாலைந்து மட்டும். பூசும்போது ஊதாவாக இருக்கும், பயப்பட வேண்டாம், சில நிமிடத்தில் பழுப்பாக மாறும். பள்ளங்களுக்கு இரண்டு பூச்சு, மேடுகளை ஈரத்துணியால் துடைத்து வெளுப்பாகவே விடுங்கள், முனைகளைத் தொடவே வேண்டாம். கையுறை இல்லாமல் செய்தால் நகமும் பழுப்பாகும்.

தேங்காயெண்ணெய் தடவாதீர்கள். முதல் கிழமை அழகு, பிறகு காறல் வாடை, அப்புறம் எறும்பு.

## முனை தேய்ந்திருக்கிறது, கொறித்த அடையாளம் இருக்கிறது

சோடி சோடியாகச் சிறு உளி வைத்து இழுத்த மாதிரி கோடுகள் என்றால் எலி. கொம்பு எலி ஏறாத இடத்தில் இருந்தால் போதும், கோடுகளை நிரப்பத் தேவையில்லை.

ஆனால் முனையோ அடியோ ஒரு பக்கம் மட்டும் சப்பையாக, கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அது பழுதே அல்ல. நம் பக்கத்து வீடுகளில் மான் கொம்பைக் கல்லில் உரைத்து மருந்தாகப் பூசினார்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்து ஒரு அம்மா கொண்டுவந்த புள்ளிமான் கொம்பில் அந்தச் சப்பை இரண்டு விரலகலம் இருந்தது. நான் அதை உருட்டிச் சரியாக்கவா என்று கேட்டேன். “வேணாம் மனே, அது எங்கட அம்மா உரைச்ச இடம்” என்றார். அன்றிலிருந்து இப்படி ஒன்று வந்தால் மெழுகுகூட அந்த இடத்தில் போடுவதில்லை.

## துரு, ஆட்டம், முறிவு

ஆணியைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை என்றால் இரும்பு ஆணி. நம் கடல் காற்றுக்கு இரும்பு தாங்காது. பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்கு ஆணிக்கு மாற்றுங்கள். கறையை மரக் குச்சியால் சுரண்டி, போகிற அளவோடு விடுங்கள்.

ஆடினால் முதலில் பலகையைப் பாருங்கள், பத்தில் எட்டுக்கு உக்கியது பலகைதான். கிளை முறிந்து துண்டு கையில் இருந்தால், இரண்டு முகத்தையும் காயவைத்துப் பொருத்திப் பாருங்கள். மயிரிழை போல் பொருந்தினால் எப்பொக்சிப் பசை பிடிக்கும். பெரிய கிளை, அல்லது தலைக்கு மேலே மாட்டுகிற கொம்பு என்றால் உள்ளே கம்பி வைத்துத்தான் ஒட்ட வேண்டும். அதற்குத் துளை நேராகப் போக வேண்டும், துளைப்பு மேசை உள்ள தச்சரிடம் கொடுங்கள். துண்டு தொலைந்திருந்தால் வேறு கொம்பில் வெட்டி ஒட்டாதீர்கள்.

## கொம்போடு தோலும் முகமும் இருக்கிறது

மயிர், கண்ணாடிக் கண், காது எல்லாம் உள்ள பழைய தலை என்றால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். பூச்சி வராமல் இருக்க அந்தக் காலத்தில் தோலின் உள்பக்கம் ஆர்செனிக் பூசிப் பதப்படுத்துவார்கள். அந்த நஞ்சு இத்தனை வருடம் போனாலும் அங்கேயே இருக்கும். தட்டினால் தூளாகப் பறக்கும். கையுறையும் முகக்கவசமும் போட்டு, அசைக்காமல் ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து, குசினிக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் தூரமாக வைத்துவிட்டு, அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள். அதை எடுத்த கையை உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், போட்டிருந்த சட்டையையும் தனியாகத் தோயுங்கள்.